வெள்ளைக் கிண்ணத்தில் மூணு சிட்டிகை

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்னைக்கு குடிதண்ணி பிளாண்டுல இருந்தவங்க: கமிட்டித் தலைவர் ராயப்பன். கரண்டு வேலை பாக்குற சவேரி. சென்னையில இருந்து கரண்டு மிச்சம் பிடிக்குற பெட்டி கொண்டாந்து மாட்டின வினோலியா, செத்துப்போன மதலேனம்மா பேத்தி. காலை முறைக்காரி கித்தேரி. சாயங்கால முறைக்காரி நான், பிரகாசி. அஞ்சு பேரு. கதவு நிலையில ஒரு பூனை. இத்தனை பேரு முன்னால நான் வாயைத் திறக்கல.

கச்சான் காத்து இன்னும் விடல. கண்ணெல்லாம் மண்ணு. மாத்திரை போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. இதுவரைக்கும் எனக்கு ஞாபகம் இல்லைன்னு ஒண்ணு இருந்ததில்ல.

வினோலியா (அந்தப் பேரை முழுசா எழுதக் கை வரல, இனி வி.) போனைக் காட்டினா. அதுல ஒரு கோடு. தரையோட தரையா போய்க்கிட்டு இருந்து, திடீர்னு பனைமரம் மாதிரி ஏறுது.

"தினம் காலையில அஞ்சு அம்பதுக்குக் கிணத்துத் தண்ணி கடல் தண்ணி மாதிரி உப்பாவுது மாமா. உப்பு கூடினா பெட்டி மோட்டாரை வேகமா ஓட்டும். அதுக்குத்தான் வச்சிருக்கு. எட்டு மணி வரைக்கும் வெறி புடிச்ச மாதிரி ஓடுது. நாள் முழுக்க மிச்சம் பிடிச்ச கரண்டுல பாதி அதுலயே போயிருது."

சவேரி: "கிணத்துல கடல் ஏறுதோ?"

"கடல் கடிகாரம் பாத்தா ஏறும்? ஞாயித்துக்கிழமை மட்டும் ஏழு மணிக்கு ஏறுது."

பூசை மத்த நாள் அஞ்சரைக்கு முடியும், ஞாயித்துக்கிழமை ஆறே முக்காலுக்கு. என் கை மடிக்குப் போச்சு.

ராயப்பன்: "காலையில சாவி யார் கையில?"

எல்லாரும் கித்தேரியைப் பாத்தாங்க. "எங்கிட்டதான் அண்ணாச்சி," அப்படின்னா. "எந்த வால்வையாவது தொட்டியா?" "இல்ல அண்ணாச்சி." "பின்ன?" தரையைப் பாத்தா. என் பக்கம் ஒரு தரம் பாத்தா. சும்மா பாக்கான்னு நெனச்சேன்.

என் மடியில உப்புப் பொட்டலம். அப்பத்தான் அந்தோணியார் கோயில்ல வாங்கிட்டு வந்தது. கை அது மேலயே இருந்துச்சு.

விசயம் இதுதான். பிளாண்டு திறந்த அன்னைக்குச் சாமியார் வந்து தண்ணித் தொட்டியில மந்திரிச்ச உப்பு போட்டார். அன்னையில இருந்து நான் நாளும் மூணு சிட்டிகை போடுதேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. பெரிய தொட்டி, அதுக்கு அது ஒண்ணுமில்ல. இந்தப் பெட்டி வந்ததும் தொட்டிக்கு மூடி போட்டாங்க, மூடிக்குப் பூட்டு. திறந்திருந்த ஒரே வாய் அந்தக் கிண்ணம். பின்சுவத்துல இடுப்பு உயரத்துல வெள்ளையா இருக்கும். கிணத்துத் தண்ணி சின்னக் குழாய் வழியா அதுல சொட்டி வழியும், நடுவுல பேனா மாதிரி ஒரு கம்பி முங்கியிருக்கும். கோயில் வாசல்ல தீர்த்தத் தொட்டி இருக்குமே, அதே அச்சு. முதல் நாள் பாத்ததும் கை தானா நெத்திக்குப் போச்சு. அதுலயே போட ஆரம்பிச்சேன். கல்லுப்பு. அடியில தங்கி மெதுவாக் கரையும்.

அந்தக் கம்பிதான் உப்பை அளக்குற கம்பின்னு இன்னைக்கு வி. சொல்லித்தான் தெரியும்.

உப்புத் தண்ணியை நல்ல தண்ணி ஆக்குற இடத்துல உப்பைப் போடுதோமேன்னு ஒரு நாளும் தோணல. மந்திரிச்ச உப்பு வேற, உப்பு வேறன்னுதான் நெனப்பு.

தெரியாமப் போனதுக்கும் நானே காரணம். பெட்டி மாட்டின அன்னைக்கு வி. எல்லாத்தையும் விளக்கிச் சொன்னா. முன்னால மோட்டாருக்கு ஒரே வேகம்தான். பிரஷர் கூடினா நான் வால்வைத் திருகிக் குறைப்பேன். கோடைக்கு ஒரு திருகு, மழை பேஞ்சா ரெண்டு. கேஜைப் பாக்க வேண்டாம், காதாலயே சொல்லுவேன். அதை அவ ராயப்பன்கிட்ட எப்படிச் சொன்னான்னா: "வள்ளத்துல எஞ்சினை முழுசா முடுக்கிட்டு, நங்கூரத்தையும் போட்டு இழுத்துக்கிட்டே போற மாதிரி மாமா இது. நங்கூரத்தை எடுத்துட்டு எஞ்சினைக் குறைச்சா போதும். உப்பு எவ்வளவோ அவ்வளவு வேகம்." எல்லாரும் சிரிச்சாங்க. நங்கூரம்னா நான்தானே. எழுந்து வெளிய வந்துட்டேன். கிண்ணத்தைப் பத்திச் சொன்னது அதுக்கப்புறம்.

அதோட காலை முறையும் போச்சு. பெட்டியே மோட்டாரைப் போட்டுக்கும், காலைக்கு ஒரு ஆள் போதும், கித்தேரி சின்னவ, அவ பாக்கட்டும்னாங்க. எனக்குச் சாயங்காலம் கேன் பிடிச்சுக் குடுக்குற வேலை. பின்கதவுப் பழைய சாவி எங்கிட்டயே இருந்துச்சு. யாரும் கேக்கல, நானும் குடுக்கல. கித்தேரி முன்வாசல்ல கேன் அடுக்கும்போது நான் பூசை முடிஞ்சு பின்வழியா நுழைஞ்சு போட்டுட்டு வந்துருவேன்.

ரெண்டு மாசம் சோதனை. கரண்டு குறைஞ்சா, அந்த மிச்சத்துல சாயங்காலமும் பிளாண்டை ஓட்டி கடைசித் தெருவுக்கும் தண்ணி. குறையலன்னா பெட்டியைக் கழட்டிருவாங்க. பத்து நாள்தான் பாக்கி.

நாளைக்குச் சொல்லிரணும்.

செப்டம்பர் 10, புதன்

சொல்லல. போட்டேன்.

இதை எழுதாம விட்டிருக்கலாம். ஆனா எழுதலன்னா மட்டும் நடக்காமப் போயிருமா.

நேத்து வரைக்கும் தெரியாம. இன்னைக்குத் தெரிஞ்சே. மூணு சிட்டிகை இல்ல, ஒரு பிடி. பிதாவும் இல்ல சுதனும் இல்ல. போட்டுட்டு நின்னு கேட்டேன். மோட்டார் முதல்ல முனகுச்சு, பிறகு சத்தம் ஏறுச்சு, அப்புறம் பழைய மோட்டார் மாதிரியே கத்துச்சு. சந்தோசமா இருந்துச்சு. அதுதான் கேவலம்.

இந்த டைரி போன வருசத்துது. உப்பளக்காரர் ஒருத்தர் குடுத்தது. கிழமையை அடிச்சு மாத்தி எழுதுதேன். படிச்சது மூணாம் வகுப்பு. பிளாண்டு நோட்டுல கேஜ் நம்பர் எழுதி எழுதி கை பழகிச்சு. அரிசி டின்னுக்குள்ள கிடக்கும், யாரும் பாக்கப் போறதில்ல. அதனால காரணத்தையும் எழுதுதேன்.

தண்ணி லாரி வந்த கோடை. என் மவன் ஜெரால்டுக்கு ரெண்டு வயசு, வாந்தி பேதி. வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போயிருக்கார். லாரி வந்து நின்னது கோயில் பக்கத்து வேப்பமரத்துல. வரிசையில யார் யார்னு இப்பவும் சொல்லுவேன். முதல்ல மதலேனம்மா, சிவப்பு பிளாஸ்டிக் குடம், பச்சைச் சேலை. அடுத்து வியாகுலம், ரெண்டு அலுமினியக் குடம். செல்லப்பாப்பா, மண்பானை, விளிம்புல சில்லு போனது. கித்தேரி, அப்ப பத்து வயசு, அவ ஆத்தா அனுப்பியிருக்கா, பித்தளைக் குடம், அவ உசரத்துல பாதி. சூசையம்மா. அப்படியே போய் பதினேழாவதா நான்.

முன்னால போய்க் கேட்டேன். அக்கா, புள்ளைக்கு முடியல, ஒரு குடம். மதலேனம்மா குழாயை விடாமலே சொன்னா: "எல்லா வீட்டுலயும்தான் புள்ள இருக்கு. உன் புள்ள மட்டும் ராசாவா? வரிசையில வாளா."

பன்னிரண்டாவது ஆளோட லாரி காலி.

வெறுங்குடத்தோட வீட்டுக்கு வந்தா, வாசல்ல என் தவலையில அரைவாசித் தண்ணி. மேல தட்டு மூடி. செவ்வாய்க்கிழமை அன்னைக்கு, அந்தோணியார் கிழமை. வேற யாரு குடுப்பா? புள்ள பிழைச்சான். இன்னைக்குக் கப்பல்ல சமையல்காரன், என்னைவிடக் கனமா இருக்கான். அந்தத் தண்ணிக்காக நாப்பது வருசத்துக்கு மேல செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரு மெழுகுதிரி. தப்பினதில்ல.

மதலேனம்மா செத்தப்ப துட்டிக்குப் போகல. நாலு வீடு தள்ளித்தான். ஒப்பாரி கேட்டுது. மீன் உரசிக்கிட்டு இருந்தேன்.

அவ பேத்தி பெட்டி தோக்கட்டும்னு இன்னைக்குக் காலையில என் கை நெனச்சுச்சு. மத்தியானம் சோறு இறங்கல. ஊளி மீன் குழம்பு. பூனைக்குப் போச்சு.

செப்டம்பர் 11, வியாழன்

காத்து. முட்டி வலி. காலையில மறுபடியும் போட்டேன்.

மத்தியானம் ராயப்பன் கித்தேரிகிட்ட இருந்து சாவியை வாங்கிட்டான். சவேரி சொன்னது: முந்தானை முடிச்சை அவுத்து, சாவியைச் சேலையில துடைச்சு, மேசையில வச்சாளாம். துடைச்சது எதுக்குன்னு அவனுக்குப் புரியலியாம். எனக்குப் புரியுது. நானும் அப்படித்தான் துடைச்சுக் குடுத்தேன், எங்கிட்ட இருந்து வாங்கும்போது.

சாயங்காலம் கேன் வரிசை. மீன்காரி ஸ்டெல்லாவும் இன்னொருத்தியும்.

"கித்தேரி காலையில தூங்கிட்டு வால்வை மாத்தித் திறந்துருதாளாம்."

"தூங்குற மூஞ்சியாளா அது. நல்ல தண்ணியை ஐஸ் கம்பெனிக்குத் திருப்பி விடுதாளாம்."

"நீ பாத்தியா?"

"பாத்தவ சொன்னதைக் கேட்டவ எங்கிட்டச் சொன்னா."

"அப்ப நீ கோயில்ல சத்தியமே பண்ணலாம்."

சிரிப்பு. ஸ்டெல்லா என்னைப் பாத்து: "மைனி, நீங்க என்ன சொல்லுதீங்க?"

நான் சொன்னது: "கேனைப் பிடி, வழியுது."

அதுதான் நான் சொன்னது. கித்தேரி அந்த மாதிரி ஆள் இல்லைன்னு சொல்ல நாலு வார்த்தை. என் வாய்ல அது இல்ல.

கித்தேரிக்குப் புருசன் இல்ல. இந்த வேலைதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

போடல. இனி போட மாட்டேன். பொட்டலத்தை மாதா படத்துக்குப் பின்னால சொருகிட்டேன்.

போடாம இருந்ததுலயும் பாவம் வந்து ஒட்டிக்கிட்டு. காலையில கோடு ஏறலியாம். தரையோட தரையா போகுதாம். ராயப்பன் தெருவுல எல்லாரும் கேக்கச் சொல்லுதான்: "சாவியை வாங்கினதும் நோய் போச்சு பாத்தியா." நான் கையை எடுத்தேன், கித்தேரி கள்ளி ஆயிட்டா.

வி. மட்டும் போனைப் பாத்து "ம்" அப்படின்னா. பெட்டிகிட்ட உக்காந்து ரொம்ப நேரம் என்னமோ தட்டிக்கிட்டு இருந்தா. அவ உக்காரும்போது காலை ஒரு பக்கமா மடக்குதா. மதலேனம்மா மாதிரியே.

ராயப்பன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். பொரிச்ச புரோட்டா வாங்கிட்டு. எதுக்குன்னு நெனச்சேன்.

"அக்கா, நாளையில இருந்து காலை முறை நீங்களே பாருங்க. உங்களை விட்டா யாரு."

சாவியை நீட்டினான். வாங்கிக்கிட்டேன்.

இதைத்தானே ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஆக, நான் செஞ்ச தப்புக்குக் கித்தேரி வேலை எனக்குக் கூலி. புரோட்டாவும். தின்னேன், அதையும் எழுதிருதேன். ரெண்டு.

செப்டம்பர் 13, சனி

காலை முறை. செய்யுறதுக்கு ஒண்ணுமில்ல. மோட்டார் தானாப் போட்டுக்குது, தானா அடங்குது. சத்தம் பூனை உறுமுற அளவுதான். ராத்திரி கிணத்துல நல்ல தண்ணி ஊறியிருந்தா மெதுவா, வெயில் ஏற ஏற உப்பும் ஏறினா கொஞ்சம் வேகமா. நான் திருகுன திருகையெல்லாம் அது திருகாமலே செய்யுது. காது சும்மா இருக்கு. ஒத்துக்கத்தான் வேணும். நல்லா ஓடுது.

கேன் அடுக்கும்போது பாத்தேன், கித்தேரி ஒவ்வொரு கேனுக்கும் மூடியில நூல் கட்டி வச்சிருக்கா. காணாமப் போகாம இருக்க. நான் இருந்தப்ப பாதி மூடி காணாது.

பத்து மணிக்கு அவ வீட்டுக்குப் போனேன். கடைசித் தெரு. நெத்திலி காயப் போட்டுக்கிட்டு இருந்தா.

"வாங்க மைனி. காப்பி குடிக்கீங்களா? தண்ணி கொஞ்சம் உப்பாத்தான் இருக்கும்."

"வேண்டாம்ளா. சும்மா வந்தேன்."

"முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"காலையில என்ன செய்யன்னு தெரியல மைனி. அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துருது. முற்றத்தை ரெண்டு தடவை பெருக்கிட்டேன்."

காக்காயை விரட்டினா. திரும்பி என்னையே பாத்தா. எதையோ நான் சொல்லணும்னு இருக்குற மாதிரி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, என் மனசுதான் அப்படிக் காட்டுதுன்னு நெனச்சேன். கருவாட்டைப் பத்திப் பேசினேன். ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தா. அதையும் வாங்கிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் சங்கு குளிச்சவர். ஒரு மூச்சுக்கு மேல அடியில ஆசைப்படக் கூடாதும்பார். நான் அஞ்சு நாளா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். கையில சங்கும் இல்ல.

ஜெரால்டு போன்ல பேசினான். அங்க மழையாம். "என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" மண்ணுன்னு சொன்னேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசையில பிரசங்கம் ஒண்ணும் காதுல ஏறல. நற்கருணை வாங்கப் போகல. பக்கத்துல இருந்தவ பாத்தா. பாக்கட்டும்.

பூசை நேரத்துல ஒரு வழி யோசிச்சேன். இப்ப சாவி எங்கிட்ட. இப்பவும் கோடு ஏறினா? கித்தேரி இல்லாதப்பவும் ஏறினா, அவ இல்லைன்னு ஆயிரும். கிணத்துல கோளாறுன்னு போயிரும். யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

ஏழு மணிக்கு மாதா படத்துக்குப் பின்னால இருந்து எடுத்துட்டுப் போய்ப் போட்டேன். ஒரு பிடி. நின்னேன்.

சத்தம் மாறல.

இன்னொரு பிடி. கிண்ணம் அடியில வெள்ளையாத் தெரியுது உப்பு. மோட்டார் அதே உறுமல். பெட்டியில ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் வந்துச்சு. அவ்வளவுதான். அரை மணி நேரம் நின்னேன், உப்புக் கையோட.

எட்டு மணிக்குச் சவேரி வந்தான். தெரியாத மாதிரிக் கேட்டேன், இது என்ன மஞ்சள் விளக்குன்னு.

"அதுவா. வெள்ளிக்கிழமை அந்தப் புள்ள மாத்தி வச்சிட்டுப் போச்சு பாட்டி. பெட்டி இப்ப ஒரு கம்பியை மட்டும் நம்பாது. உள்ள வார தண்ணி, வெளிய போற தண்ணி, மோட்டார் இழுக்குற கரண்டு, மூணையும் ஒத்துப் பாக்கும். ஒண்ணு மட்டும் தனியாக் கத்துனா கண்டுக்காது. அந்தப் புள்ள போனுக்குச் சேதி மட்டும் விடும்."

"என்ன சேதி?"

"கிண்ணத்துக் கம்பியில ஏதோ இருக்கு, வந்து பாருன்னு."

ஒரு பெட்டி மூணு பேரைக் கேட்டுட்டுத்தான் நம்புது. இந்த ஊரு ஸ்டெல்லா வாயை மட்டும் கேட்டு நம்பிருச்சு. நானும் கேட்டுக்கிட்டு நின்னேன்.

இனி உப்பால ஆவது ஒண்ணுமில்ல. வாய் ஒண்ணுதான் பாக்கி.

செப்டம்பர் 15, திங்கள்

காலை ஒன்பது மணி. மறுபடியும் அதே அஞ்சு பேரு. ராயப்பன், சவேரி, வி., நான். கித்தேரியை ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கான் ராயப்பன்.

மஞ்சள் விளக்குச் சேதி அவன் காதுக்கும் போயிருக்கு. அவ உள்ள வரும்போதே ஆரம்பிச்சான். "சாவிக்கு நகல் வச்சிருக்கியோ? நேத்து வந்துட்டுப் போனியா?"

கித்தேரி செருப்பை வெளிய விட்டுட்டு நின்னா. "நான் வரல அண்ணாச்சி."

"பின்ன யாரு, ஆவியா?"

நான் மடியில இருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில வச்சேன். பின்கதவுச் சாவியை அது பக்கத்துல. வாயைத் திறந்தா முதல்ல இருமல்தான் வந்துச்சு.

"நான்தான். மந்திரிச்ச உப்பு. முதல்ல தெரியாமப் போட்டேன். புதன், வியாழன் தெரிஞ்சே போட்டேன். நேத்துப் போட்டது கித்தேரி மேல உள்ள பழி போகணும்னு."

ராயப்பன் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தான்.

வி. தான் முதல்ல பேசினா. திட்டுவான்னு நின்னேன். அவ கேட்டது: "எத்தனை சிட்டிகை பாட்டி? புதன்கிழமை எவ்வளவு?"

"மூணு. புதன் ஒரு பிடி."

போன்ல குறிச்சுக்கிட்டா. "அதான் அன்னைக்கு ரெண்டு மடங்கு. கிண்ணத்தை மூடியில்லாம வச்சது என் தப்பு. அதுல யாராவது எதையாவது போடுவாங்கன்னு எனக்குத் தோணல."

என் தப்பை எடுத்து அவ மடியில வச்சுக்கிட்டா. கன்னத்துல ஒண்ணு விட்டிருந்தா தேவலை.

அப்புறம் கேட்டா: "தெரிஞ்சே ஏன் பாட்டி?"

சொன்னேன். லாரி, வரிசை, சிவப்புக் குடம், அவ ஆச்சி சொன்ன வார்த்தை, எல்லாம். ராயப்பன் "இதெல்லாம் இப்ப எதுக்கு அக்கா" அப்படின்னான். வி. கையைக் காட்டி நிறுத்தினா.

"எனக்குத் தெரியும் பாட்டி. எங்க ஆச்சி சொல்லியிருக்கு. படுக்கையில கிடக்கும்போது அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. 'நான் பெரிய மனுசி, நான் விடல. கித்தேரி இத்தன உசரம், அது தன் குடத்துத் தண்ணியைப் பாதி பிரகாசி தவலையில ஊத்திட்டு, குறைக்குடத்தோட போய் அவ ஆத்தாகிட்ட அடி வாங்குச்சு'ன்னு."

தட்டு மூடியிருந்த தவலை. அரைவாசித் தண்ணி.

பித்தளைக் குடம். அவ உசரத்துல பாதி. வரிசையில யார் யார்னு குடத்தோட நிறம் வரைக்கும் ஞாபகம் வச்சிருந்தேன். அவளையும் எண்ணி வச்சிருந்தேன், நாலாவது ஆளா. அதுக்கு மேல யோசிக்கல.

கித்தேரியைப் பாத்தேன். "ஏளா, ஏன் சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல மைனி. அரைக்குடம் தண்ணி."

"நாப்பது வருசமா?"

"நீங்க அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏத்துறதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படி நான் வந்து நான்தான்னு சொல்ல."

சவேரி சிரிச்சுட்டான். அவனே வாயைப் பொத்திக்கிட்டான்.

கித்தேரி தரையைப் பாத்துக்கிட்டே இன்னொண்ணும் சொன்னா, மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. "உப்பு போடுறதையும் பாத்தேன் மைனி. முதல் நாளே. செபம்னு நெனச்சேன். அன்னைக்கு இந்தப் புள்ள கோட்டைக் காட்டினப்பதான் புரிஞ்சுது."

"பின்ன எதுக்குப் பழியை வாங்கிட்டு நின்ன?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ராயப்பன் காலைச் சாவியை எங்கிட்ட வாங்கி அவகிட்டக் குடுத்தான். மன்னிச்சுக்கன்னு சொல்லல. "சரி சரி, வேலையைப் பாருங்க." அவ சாவியைத் துடைக்காமலே முடிஞ்சுக்கிட்டா.

என்னை வேலையை விட்டு நிறுத்துவான்னு நெனச்சேன். நிறுத்தல. சாயங்காலம் கேன் பிடிக்க வேற யாரும் வர மாட்டாங்க, அதுதான் காரணம்.

சாயங்காலம் வரிசையில அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. ஸ்டெல்லா: "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணுமாம் மைனி. ஊரே உங்களை நினைச்சுக்கிட்டு இருக்கு." எல்லாரும் சிரிச்சாங்க. நான் கேனைப் பிடிச்சுக் குடுத்தேன். தலையை நிமிர்த்தல. நிமிர்த்தாம எத்தனை கேன் பிடிச்சேன்னு எனக்கே தெரியல.

செப்டம்பர் 16, செவ்வாய்

காத்து அடங்கியிருக்கு. கடல் தகடு மாதிரி. துறைமுகத்து கிரேன் எல்லாம் இங்கன நின்னே தெளிவாத் தெரியுது.

செய்தது:
மாத்திரை போட்டேன்.
கோழிக்குத் தண்ணி.
மீதி உப்பைக் குழம்புல போட்டேன். மந்திரிச்சதைத் தெருவுல கொட்டக் கூடாது.
சவேரி கிண்ணத்துக்குக் கண்ணாடி மூடி போட்டு நாலு திருகாணி முடுக்கினான். நான் விளக்குப் பிடிச்சேன்.

வி. ஊருக்குக் கிளம்பிட்டா. என்னால வீணாப்போன நாளையெல்லாம் தனியாக் குறிச்சு, சோதனையை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக் கேட்டிருக்காளாம். கடைசித் தெருவுக்குத் தண்ணி வந்துரும்னு சொல்லுதா. போகும்போது பஸ்ல இருந்து கையைக் காட்டினா. நானும் பாதி தூக்கினேன்.

அந்தோணியார் கோயிலுக்குப் போனேன், கிழமை தப்பக் கூடாதுன்னு. மெழுகுதிரியை வாங்கிட்டு முன்னால நின்னேன். ஏத்தல. இத்தனை வருசத்து மெழுகுதிரி தப்பான வீட்டுல எரிஞ்சிருக்கு. அவரும் வாங்கி வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லாமத்தான் நின்னிருக்கார்.

கடைசித் தெருவுக்கு நடந்தேன். கித்தேரி முறை முடிஞ்சு வந்து கருவாடு புரட்டிக்கிட்டு இருந்தா. மெழுகுதிரியை நீட்டினேன். என்ன சொல்லணும்னு வழியெல்லாம் சேத்து வச்சிருந்தேன்.

"என்ன மைனி இது?"

"வச்சுக்க."

"கரண்டு போனா ஆவும்," அப்படின்னு வாங்கி மாடத்துல வச்சுட்டா. அவ்வளவுதான். கருவாட்டுக்குத் திரும்பிட்டா.

வீட்டுக்கு வந்து கணக்கு தீர்க்கலாம்னு உக்காந்தேன். பழைய வழக்கம், யார்மேல என்ன மிச்சம்னு மனசுல ஓட்டிப் பாக்குறது.

மதலேனம்மா: விட்டாச்சு. படுக்கையில கிடந்து அவளும் பட்டிருக்கா. ஒப்பாரி கேட்ட அன்னைக்குப் போயிருக்கணும்.
வினோலியா: நங்கூரம்னு சொன்னதையும் விட்டாச்சு. உண்மைதானே.
ராயப்பன்: பாதி விட்டாச்சு. கித்தேரிகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும், மீதி.
ஸ்டெல்லா: அவ வாய் அப்படி.

ஒருத்தியை மட்டும் மன்னிக்க முடியாது. அரைக்குடம் தண்ணி குடுத்துட்டு நாப்பது வருசம் வாயைத் திறக்காதவ. பழியையும் சுமந்துக்கிட்டு, நானே சொல்லட்டும்னு கருவாடு புரட்டிக்கிட்டு இருந்தவ. ஒரு தடவை, ஒரே தடவை, என்னை ஏசியிருக்கலாம்.

கித்தேரி.